அஞ்சு கூறு கீயும் தவசிக்கனி வீட்டுக் கல்யாணப் பத்திரிகையும்

ஊர்ப் பேரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆனால் விஷயம் புரிந்து கோபம் வருவதற்கு அவர்களுக்கு ஒரு வாரமாவது ஆகும். அதற்குள் நாம் கதையை முடித்துவிடலாம். ஊர் கீழப்புளிக்குளம்.

அங்கே ஆவுடையப்பனும் அவருடைய மச்சினன்மார் நாலு பேரும் சேர்ந்து ஓர் அச்சகம் நடத்தினார்கள். மூத்த மச்சினன் கொம்பையா, அப்புறம் சங்கரலிங்கம், மாடசாமி, கடைக்குட்டி இசக்கி. பழைய கம்ப்யூட்டர் புகைந்து போனதால் டவுனில் புதுசு வாங்கினார்கள். கடையில் இருந்த ரெஜினா என்கிற பெண் ஓர் அட்டையைக் கொடுத்தாள். அதில் அஞ்சஞ்சு எழுத்தாக அஞ்சு கூறு.

"இதுதான் ப்ராடக்ட் கீ, அண்ணாச்சி. சிஸ்டம் ஏத்தும்போது கேக்கும். இதைப் போடாம பெட்டி வேலை செய்யாது. யாருக்கும் காட்டிராதீங்க."

யாருக்கும் என்றால் யாருக்கும்தான். ஊருக்கு வந்ததும் நாலு பேர் கண்ணை மூடிக்கொள்ள, ஒருவர் மட்டும் ஒரு கூறைப் பார்த்து மனப்பாடம் பண்ணினார். இப்படி ஆளுக்கொரு கூறு. பார்த்தால் கண்ணுக்கு ஏதும் ஆகுமோ என்று முதல் கூறை இசக்கிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. மற்றவர்கள் சின்னவன் முதலாக ஒவ்வொருவராக வந்தார்கள், ஆவுடையப்பன் கடைசியாக. பிறகு அட்டையைச் சுக்குநூறாகக் கிழித்துக் கிணற்றில் போட்டார்கள்.

"மீனு படிச்சிராதா, அத்தான்?" என்றான் மாடசாமி.

"நம்மூர் மீனுக்கு இங்கிலீஷ் ஏதுல?"

மறுநாள் காலையில் தவசிக்கனி வந்து நின்றார். அவர் மகளுக்குக் கல்யாணம்.

"நாளைக்கு விடிஞ்சதும் மாப்பிள்ளை வீட்டாளுக பத்திரிகை வாங்க வாராக. மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் ஒருத்தர் இருக்காரு. தாம்பூலத்துல ஒரு வெத்தலை குறைஞ்சதுக்கே எந்திரிச்சுப் போனவரு. பத்திரிகை இல்லேன்னா கல்யாணமே நின்னுரும்யா."

"சாயங்காலம் தந்துருவோம்," என்றார் ஆவுடையப்பன்.

பெட்டியைப் போட்டார்கள். அது கீயைக் கேட்டது. மூத்தவர் என்பதால் ஆவுடையப்பன் முதலில் தன் கூறைத் தட்டினார், அப்புறம் கொம்பையா, அப்படியே வயசுப்படி இசக்கி வரை. ஒருவர் தட்டும்போது மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். தவசிக்கனியையும் மூடச் சொன்னார்கள்.

கீ செல்லாது என்றது பெட்டி.

ரெஜினாவுக்குப் போன் போட்டார்கள். "வரிசை சரியா இருக்கா?" என்று கேட்டாள் அவள்.

"அதெல்லாம் முறைப்படிதாம்மா இருக்கு."

"அப்ப நிதானமா ஒவ்வொரு எழுத்தாப் போடுங்க."

ஆவுடையப்பன் ஒரு எழுத்தைத் தட்டிவிட்டு டீக்கடைக்குப் போனார். வந்து இன்னொன்றைத் தட்டினார். மூன்றாவது டீயின்போது திரை இருண்டுவிட்டது. பெட்டி தூங்குகிறது என்றான் சங்கரலிங்கம். எல்லோரும் வெளியே போய்க் குசுகுசுவென்று பேசினார்கள். தவசிக்கனி அழமாட்டாத குறையாக உள்ளே போய் அதைத் தட்டி எழுப்பினார்.

மதியம் சாய்ந்தது. கீ செல்லவில்லை. மறுபடி போன்.

"எட்டையும் பி எழுத்தையும் மாத்திப் போட்டிருப்பீங்க. பாத்துக்கிடுங்க."

மாடசாமியின் கூறில் அப்படி ஒன்று இருந்தது. ஓட்டெடுப்பு நடந்தது. எட்டு என்று நாலு பேர் கை தூக்கினார்கள். பி என்று மாடசாமி மட்டும் தூக்கினான்.

"அத்தான், அதைக் கண்ணால பாத்தவன் நான் ஒருத்தன்தான்."

"அதான் உனக்கு ஒரு ஓட்டு," என்றார் ஆவுடையப்பன்.

எட்டைப் போட்டார்கள். செல்லவில்லை.

தவசிக்கனி மெல்லக் கேட்டார். "அட்டையில முதல்ல இருந்தது யாரு எழுத்துய்யா?"

இசக்கி கையைத் தூக்கினான்.

"அப்ப அவன்தானே முதல்ல தட்டணும்?"

கொம்பையா தரையைப் பார்த்தான்.

"அத்தான் இருக்கும்போது கடைக்குட்டி முந்துறதா? கோயில்ல தேங்காய் மூடியைக்கூட அவருக்குத்தானே முதல்ல குடுக்காக?"

நெடுநேரம் யோசித்தார்கள். முடிவில், வேலை முடியும் வரைக்கும் இசக்கியை மூத்தவனாக்கிவிடுவது என்று தீர்மானமானது. தலைப்பாகை கட்டி, மாலை போட்டு, நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஆவுடையப்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

"ஏல ஆவுடையப்பா," என்றான் இசக்கி. "ஒரு காப்பி சொல்லுல."

காப்பி வந்தது. குடித்துவிட்டு இசக்கி தட்டினான். பிறகு மாடசாமி. எல்லோரும் கண்ணை மூடியிருந்ததால் அவன் பி எழுத்தைத் தட்டியது யாருக்கும் தெரியாது. அடுத்து சங்கரலிங்கம், கொம்பையா, கடைசியாக ஆவுடையப்பன். கீ செல்லும் என்றது பெட்டி. தவசிக்கனி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

போனில் சொன்னார்கள். ரெஜினாவுக்கும் சந்தோஷம்.

"அண்ணாச்சி, கீயை நாலு இடத்துல எழுதிப் பத்திரமா வச்சுக்கிடுங்க. தொலைஞ்சா மறுபடி கிடைக்காது."

நாலு இடம் எதற்கு? தவசிக்கனி கேட்டது நானூறு பத்திரிகை. நானூறு வீட்டில் இருந்தால் எங்கே தொலையும்?

"யாருக்கும் காட்டக்கூடாதுன்னாளே அந்தப் பிள்ளை?" என்றான் சங்கரலிங்கம்.

"மடிச்சு கவர்ல போட்டுருதோம்ல. உள்ள இருக்கது யாருக்குத் தெரியும்?" என்றார் ஆவுடையப்பன்.

தவசிக்கனி சோறு திங்க வீட்டுக்குப் போயிருந்தார். அவர் திரும்புவதற்குள் நானூறும் அச்சாகி, மடித்து, கவரில் போட்டு, ஒட்டியும் ஆகிவிட்டது.

விடிந்ததும் மாப்பிள்ளையின் தாய்மாமன் அச்சகத்துக்கே வந்தார். ஒரு கவரைப் பிரித்தார். 'தங்கள் வரவை எதிர்நோக்கும்' என்று போட்டு, இந்தப் பக்கம் மாப்பிள்ளை வீட்டார் பெயர்கள், அந்தப் பக்கம் பெண் வீட்டார் பெயர்கள். பெண் வீட்டார் பக்கம் கொஞ்சம் இடம் மிச்சமிருந்ததால் கீ அங்கே இருந்தது. அவர் விரல் விட்டு எண்ணினார்.

"உங்க பக்கம் அஞ்சு பேரு கூட இருக்கே. இங்கிலீஷ்ல வேற. வெளிநாட்டுச் சொந்தமோ?"

தவசிக்கனி எட்டிப் பார்த்தார். "ஆமா மச்சான்," என்றார்.

"எங்களை என்ன கேவலமா நினைச்சீரு? எங்க பக்கமும் இங்கிலீஷ்ல அஞ்சு வரணும். இல்லேன்னா தாலி எப்படி ஏறுதுன்னு பாக்கேன்."

அஞ்சு பேரும் மூலையில் கூடிப் பேசினார்கள். இல்லாத எழுத்தை நாமாகப் போடுவது தப்பு, ஒரு கல்யாணப் பத்திரிகையில் பொய் இருக்கக்கூடாது என்றான் கொம்பையா. எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ஆவுடையப்பன் போனை எடுத்தார்.

"ரெஜினாம்மா, இன்னொரு கம்ப்யூட்டர் வேணும். பெட்டியை நீயே வச்சுக்கோ, அதுக்கு இங்க இடமில்லை. மாப்பிள்ளை வீட்டுக் கீயை மட்டும் குடுத்துவிடு. ஆனா ஒண்ணும்மா, இந்தத் தடவை தாய்மாமன் எழுத்து முதல்ல வாற மாதிரி பாத்து அனுப்பு."