மூன்றாய்ப் பிளந்த அரண்மனை

முன்னொரு காலத்தில் செவ்வந்தி நாட்டைக் கொற்றவேள் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி அவருக்கு. பிள்ளைகள் மூன்று பேர். மூன்று பேருக்கும் மீசை வளர்ந்த அளவுக்கு மூளை வளரவில்லை.

ஒருநாள் சபையில், "எனக்கு வயதாகிவிட்டது. நாட்டை மூன்றாக வெட்டி ஆளுக்கொரு துண்டு கொடுக்கப்போகிறேன்" என்றார் ராஜா.

"ஆஹா! தர்மமே வாய்திறந்து பேசுகிறது, பிரபு!" என்று குழைந்தார் சபையோரில் ஒருவரான விடங்கர். அமைச்சர் பதவிமேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண்.

நாடு துண்டானால் ஆபத்து என்று அமைச்சர் திருமேனிக்குத் தெரியும். ஆற்றுக்கு அக்கரையில் பகை அரசன் சேனையோடு காத்திருந்தான். ஆனால் மறுத்துப் பேசினால் ராஜா வீம்புக்கு அன்றே பிரித்துவிடுவார். அதனால், "நல்ல யோசனை, பிரபு. முதலில் அரண்மனையைப் பிரித்துக் கொடுத்துப் பழக்குவோமே" என்றார்.

அப்படியே ஆயிற்று. மூத்தவனுக்குச் சமையற்கட்டு, நடுவிலவனுக்குக் கிணறு, இளையவனுக்குக் கோட்டைவாசல்.

மறுநாள் ராஜா வேட்டை முடிந்து, வேர்த்து விறுவிறுத்துத் திரும்பினார்.

"வாசல் என்னுடையது. குதிரையைக் கொடுத்துவிட்டு உள்ளே வாருங்கள்" என்றான் இளையவன். கொடுத்தார். ஒரு செம்புத் தண்ணீருக்கு நடுவிலவன் உடைவாளைக் கேட்டான். அதையும் கொடுத்தார். சமையற்கட்டிலோ அடுப்பே எரியவில்லை.

"தம்பி தண்ணீர் தரமாட்டானாம். அவனும் பட்டினி கிடக்கட்டும் என்று நான் உலையே வைக்கவில்லை" என்றான் மூத்தவன் பெருமையாக.

ராஜா எல்லோரையும் சபைக்கு இழுத்துவரச் சொன்னார். "அமைச்சரே, பெற்றவனையே பட்டினி போடுகிறான்களே!"

"ஒரு வீட்டுக்கே இந்தக் கதி, பிரபு. நாளைக்கு அக்கரைக்காரன் வந்தால் இவர்களில் யார் யாருக்குப் படை அனுப்புவார்?"

விடங்கர் பாய்ந்தார். "எல்லாம் நாடகம்! முழு நாட்டையும் தானே ஆட்டிவைக்கப் பார்க்கிறார் திருமேனி!"

"இருக்கட்டும். நாடு பிரிந்தபின் நீங்கள் யார் பக்கம், விடங்கரே?"

விடங்கர் வாயைத் திறக்குமுன், "அவர் என் அமைச்சர்!" என்று மூன்று பிள்ளைகளும் ஒன்றாகக் கத்தினார்கள். மனுஷன் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே போய் அதே பதவியைக் கேட்டு வைத்திருந்தார்!

சபையே கொல்லென்று சிரித்தது. விடங்கர் முகம் பேயறைந்தது போலானது.

"மூவருக்கும் சேவகம் செய்ய அவ்வளவு ஆசையா? மூவரின் குதிரை லாயத்தையும் நீரே பெருக்கும்!" என்றார் ராஜா. பிறகு தன் முத்திரை மோதிரத்தைக் கழற்றித் திருமேனியின் விரலில் மாட்டினார். "நாடு முழுசாகவே இருக்கும். இந்த மூன்று பேரும் உமக்குக் கீழே வெறும் காலாட்கள். தேறுகிறவன் ஆளட்டும். யாரும் தேறாவிட்டால் நீரே ஆளும்."

ராஜா கண்மூடும்வரை ஒருத்தனும் தேறவில்லை. திருமேனியே ஆண்டார், நாடும் நன்றாகவே இருந்தது.