பதினோரு நாள் பாப்பாவும் ஒத்தை ஜன்னல் ரூமும்

ஒரு ஊர்ல ஒரு ரூம் இருந்துச்சாம். ராஜா இல்ல, ராணி இல்ல, ரூம்தான். சிரிக்காம கேளு. ஊரு வேலூரு, மாசம் சித்திரை. வெயில்னா அப்படி ஒரு வெயிலு. மொட்டை மாடியில தண்ணி தெளிச்சா 'சொய்ய்ய்'னு சத்தம் கேக்குமாம். அந்த ரூமுக்கு ஒத்தை ஜன்னல். ஜன்னலோரமா ஒரு தூளி. தூளிக்குள்ள, பொறந்து பதினோரு நாளான ஒரு பொம்பளப் பாப்பா. ம் சொல்லு.

ம்.

பாப்பாவோட அம்மா பேரு குமுதா. பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்தவ. பதினோரு நாளா அவ சேந்தாப்ல ஒரு மணி நேரம் தூங்கல. ஏன்னா பாப்பா தூங்கல. பாப்பா ஏன் தூங்கல? அதைத்தான் சொல்ல வரேன்.

மொதல்ல குமுதாவோட அம்மா சரசு. "பச்ச ஒடம்புக்குக் காத்தே ஆகாதுடி"ன்னு ஜன்னலை டமால்னு சாத்துனாங்க. கதவு இடுக்குல பழைய புடவையை அடைச்சாங்க. பாப்பாவுக்கு ஒரு சட்டை, அது மேல ஸ்வெட்டர், தலைக்குக் குல்லா, காலுக்கு சாக்ஸ், எல்லாத்துக்கும் மேல ஒரு கனத்த துண்டு. மூக்கு மட்டும்தான் வெளிய தெரிஞ்சுது.

"அம்மா, எனக்கே வேர்த்து ஊத்துதும்மா."

"உனக்கு ஊத்தும். நீ என்ன கொழந்தையா?"

பாப்பா 'வீல் வீல்'னு கத்துச்சு. கழுத்து மடிப்பெல்லாம் செவசெவன்னு வேர்க்குரு.

அப்புறம் ஞாயித்துக்கிழமை குமுதா வீட்டுக்காரன் ஞானவேல் வந்தான். நாலு நாள் லீவு போட்டுட்டு, ஆசை ஆசையா வந்தான். வேர்க்குருவைப் பாத்தான், பதறிட்டான். மறுநாளே ஆள் கூட்டிட்டு வந்து 'கிர்ர்ர்'னு செவுத்தைக் கொடைஞ்சு ஏசி மாட்டிட்டான். ரிமோட்டை டக்கு டக்குன்னு அமுக்கி பதினெட்டுல நிறுத்துனான். காத்து 'உஸ்ஸ்ஸ்'னு நேரா தூளி மேலயே அடிக்குது.

"ஏங்க, புள்ள மேலயே படுதுங்க. குளிரைக் கொறைங்க."

"ஏசின்னா குளிரத்தான் செய்யும் குமுதா. அதுக்குத்தானே மாட்டுனது?"

பாப்பா 'இச்சூ'ன்னு தும்முச்சு. நெஞ்சைத் தொட்டா ஜில்லுன்னு இருந்துச்சு. மறுபடியும் வீல் வீல். ம் கொட்டு, தூங்கிட்டியா?

ம்.

அப்புறம் செவ்வாக்கிழமை, குடியாத்தத்துல இருந்து மாமியார் பட்டம்மா வந்தாங்க. உள்ள நுழையும்போதே, "கொழந்தைய ஐஸ் பெட்டியிலயா போட்டு வெச்சிருக்கீங்க?"ன்னு ஏசியை டக்குன்னு அணைச்சாங்க. சளி பிடிக்காம இருக்கணும்னு சாம்பிராணிச் சட்டியைக் கொண்டாந்து தூளிக்கு அடியில வெச்சாங்க. புகுபுகுன்னு பொகை. பாப்பா 'லொக்கு லொக்கு'ன்னு இருமுது.

அப்புறம் அந்த ரூம் பட்ட பாடு இருக்கே! ஞானவேல் ஏசியைப் போடுவான், டக். பட்டம்மா அணைப்பாங்க, டக். சரசு ஜன்னலைச் சாத்துவாங்க, டமால். குமுதா எழுந்து தொறப்பா. திரும்பிப் படுக்கறதுக்குள்ள, டமால். உள்ள போறதும் வரதும், பஸ் ஸ்டாண்டு தோத்துடும். பெத்தவளை ஒரு வார்த்தை கேப்பாங்களான்னு பாத்தா, ம்ஹூம். அவ பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தா.

புதன்கிழமை மத்தியானம் குமுதா குளிக்கப் போனா. அரை மணி நேரம்தான். வந்து பாத்தா ஜன்னல் சாத்தியிருக்கு, ஏசி அணைச்சிருக்கு, சாம்பிராணி பொகையுது, ஞானவேல் கடைக்குப் போயிட்டான். பாப்பா மறுபடியும் ஸ்வெட்டருக்குள்ள. ஆனா அழல.

"பாத்தியா, எப்படி அசந்து தூங்குது!"ன்னு ரெண்டு சம்பந்தியும் முதல் தடவையா ஒத்துமையா சிரிச்சாங்க.

குமுதா பாப்பாவைத் தூக்குனா. தோசைக்கல்லாட்டம் கொதிக்குது. தலை தொவண்டு விழுது. பால் குடுத்துப் பாத்தா, வாயே தொறக்கல. தலையைக்கூடத் துவட்டாம, செருப்புப் போடாம, தடதடன்னு தெருவுக்கு ஓடி ஆட்டோவை மறிச்சா.

ஆஸ்பத்திரியில நர்ஸம்மா துண்டைப் பிரிச்சாங்க. ஸ்வெட்டரைக் கழட்டுனாங்க. குல்லா, சாக்ஸ், சட்டை. கழட்டக் கழட்ட அவங்க மொகம் மாறுது. "இந்த வெயில்ல யாரும்மா இதையெல்லாம் போட்டது?"

குமுதா அந்த ஸ்வெட்டரைச் சுருட்டி ஓரமா வெச்சா.

டாக்டர் வந்தாரு, சோதிச்சாரு, ரத்தம் எடுத்துப் பாத்தாரு. ஒரு மணி நேரம் போச்சு. குமுதா பாப்பா மொகத்தையே பாத்துக்கிட்டு நின்னா. அப்புறம் மெதுவா சூடு எறங்குச்சு. பாப்பா 'ங்ஆ'ன்னு ஒரு சத்தம் போட்டுச்சு. பால் குடுத்தா 'சப்பு சப்பு'ன்னு குடிச்சுது. "கிருமி எதுவும் இல்லம்மா. சூடு ஏறிடுச்சு, அவ்ளோதான். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா..."ன்னு டாக்டர் பாதியிலயே நிறுத்திட்டாரு. அப்போதான் குமுதா அழுதா. நர்ஸம்மா அவ கையைப் பிடிச்சு பாப்பா நெஞ்சுல வெச்சாங்க. "கையையும் காலையும் தொட்டுப் பாத்துட்டு குளிருதுன்னு நெனைக்காத. அது சில்லுன்னுதான் இருக்கும். இங்க பாரு, பின்னங்கழுத்தைப் பாரு."

ம்?

ம்...

மறுநாள் மத்தியானம் வீட்டுக்கு வந்ததும், குமுதா பாப்பாவைக் கூடத்துல கெடத்திட்டு மூணு பேரையும் ரூமுக்குக் கூப்ட்டா. குரலை ஒசத்தவே இல்ல.

"அம்மா, நீ வா." சரசுவுக்கு ஸ்வெட்டரைப் போட்டா, மப்ளரைச் சுத்துனா, கம்பளியைப் போத்துனா, ஜன்னலையும் கதவையும் சாத்துனா. "பாப்பா நாள் முழுக்க இருந்துச்சு. நீ கால் மணி நேரம் இரு." ஏழாவது நிமிஷம் சரசு கதவைத் தட்டுனாங்க, தபதபன்னு. மூக்கு நுனியில வேர்வை சொட்டுது.

"ஏங்க, நீங்க வாங்க." சட்டையைக் கழட்டச் சொல்லி, தூளி இருந்த எடத்துல வெறும் பாயில படுக்க வெச்சு பதினெட்டுல போட்டா. ஞானவேல் வீறாப்பா படுத்தான். பத்து நிமிஷத்துல 'அச்சூ, அச்சூ'ன்னு தோளைக் கட்டிக்கிட்டு வந்தான்.

"அத்தை, தப்பா நெனைச்சுக்காதீங்க, நீங்களும் வாங்க." ஸ்டூலைப் போட்டு, சாம்பிராணிச் சட்டியை அவங்க காலடியில வெச்சு, கதவைச் சாத்துனா. 'லொக்கு லொக்கு'. "தொறம்மா, கண்ணு எரியுது, தொறம்மா!"

குமுதா சொன்னா, "நேத்து ஆட்டோவுல என் கொழந்தை உயிரோட இருக்கான்னு மூக்குல வெரல் வெச்சுப் பாத்துக்கிட்டே போனேன். இனிமே இந்த ரூம்ல ஜன்னலும் என்னைக் கேட்டு, சுவிட்சும் என்னைக் கேட்டு."

சரசு கம்பளியை மடிச்சுக்கிட்டே தலையை ஆட்டுனாங்க. பட்டம்மா சட்டியை எடுத்துக்கிட்டுப் போயி கொல்லையில கொட்டுனாங்க. ஞானவேல் ரிமோட்டை அவ கையில குடுத்தான்.

அப்புறம் குமுதா தூளியை வேற மூலைக்கு மாத்துனா, காத்து நேரா படாம. ஏசியை இருபத்தாறுல வெச்சா. பாப்பாவுக்கு ஒரே ஒரு மெல்லிசுப் பருத்திச் சட்டை. நெஞ்சைத் தொட்டா இதமா இருந்துச்சு. பாப்பா கொட்டாவி விட்டுச்சு, கண்ணை மூடுச்சு, புஸ்ஸு புஸ்ஸுன்னு தூங்கிடுச்சு. குமுதாவும் பக்கத்துல பாயில சாஞ்சா.

ஒரு மணி நேரம் ஆச்சு. கதவு 'க்ரீச்'. சரசு எட்டிப் பாத்தாங்க. "குமுதா, கொழந்தை ரொம்ப நேரமா தூங்குதே, ஏதாவது ஆயிடுச்சா?"

அப்புறம் 'க்ரீச்'. ஞானவேல். "குமுதா, நீ தூங்கிட்டியா?"

அப்புறம் 'க்ரீச்'. பட்டம்மா. "ஏம்மா, ஒரு தடவை உசுப்பிப் பாக்கட்டுமா?"

குமுதா எழுந்தா. பட்டம்மாவை ரெண்டு தோளையும் புடிச்சு மெதுவா வெளிய விட்டா. கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டுட்டு வந்து படுத்தா. அம்மாவும் பொண்ணும் பொழுது சாயற வரைக்கும் தூங்குனாங்க.

ம்?

...

சரி. கதையும் கண்ணசந்துடுச்சு, நீயும் தூங்கு.