தீவில் குடியிருந்த கடை

வளையல்கள் கம்பியில் உரசிய சத்தம்தான் அந்த இரும்புக் கட்டிலின் முதல் நினைவு. வெகுகாலத்துக்கு முன்பு, தெருக்கோடி ஆஸ்பத்திரியைத் திறந்த புதிதில், பிரசவ வலியில் ஒருத்தி அதன் தலைமாட்டுக் கம்பியை இறுகப் பற்றியிருந்தாள். கண்ணாடி வளையல்கள் கிணுகிணுத்தன; சில உடைந்தன; பிறகு ஒரு குழந்தை அழுதது. தான் எதற்காக இருக்கிறோம் என்று கட்டிலுக்கு அன்றுதான் தெரிந்தது.

அந்தத் தெருவில் ஓர் ஊர்ப் பெட்டி இருந்தது. தெருவில் குடியிருப்பவர்கள் எல்லோரும் தங்கள் வரியை அதில் போடுவார்கள். அதனால் விளக்கு எரிந்தது, குழாயில் தண்ணீர் வந்தது, ஆஸ்பத்திரியில் மருந்து இருந்தது. டீக்கடை பாய்லர் போட்டது. இஸ்திரி வண்டி போட்டது. செருப்புத் தைக்கிற ஊசிகூடப் போட்டது.

ஐந்து மாடி ஜவுளிக்கடை மட்டும் போடவில்லை.

"என் வீடு முத்துத்தீவுல இருக்கு. இங்கே நீங்க பார்க்கிறது என் நிழல். நிழலுக்கு யாராவது வரி கட்டுவாங்களா?" என்றது அது.

"நல்ல நிழல்டா சாமி! ஏசி போட்ட நிழல்!" என்றது இஸ்திரி வண்டி.

கட்டில் மட்டும் கடை சொன்னதை நம்பியது. சொந்த ஊரை விட்டு நிழலாக நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று இரக்கப்படவும் செய்தது.

ஆடி பிறந்தபோது பெட்டி வறண்டுபோயிருந்தது. ஆஸ்பத்திரியைப் பூட்டப் போகிறார்கள், கட்டிலைப் பழைய இரும்புக்குப் போடப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. நர்ஸ் அமலோற்பவம் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து தனக்குத்தானே புலம்பினாள்: "செண்பகத்துக்கு அடுத்த மாசம் பிரசவம். ஆத்தைத் தாண்டி எங்கே கொண்டுபோவேன்?"

அன்று சாயங்காலம் தெருவிளக்கும் குழாயும் இஸ்திரி வண்டியும் ஆஸ்பத்திரி வாசலில் கூடின.

"வரி கேட்டா, அந்தக் கடை நிழல்னு சொல்லும். கல்லெறியவும் மனசில்லை" என்றது குழாய்.

கட்டில் தயங்கித் தயங்கிப் பேசியது. "அவர்தான் இங்கே இல்லையே. அப்ப அந்த இடம் காலியாத்தானே கிடக்கு? நம்ம இடத்தைப் பூட்டினா, அவர் திரும்பி வர்ற வரைக்கும் அங்கே இருந்துக்கலாமே."

அது கிண்டலாகச் சொல்லவில்லை. இஸ்திரி வண்டி கரித்துண்டுகள் சிதறச் சிரித்தது. விளக்கு மட்டும் சிரிக்காமல், "காலையிலேயே போவோம்" என்றது.

மறுநாள் ஆடித் தள்ளுபடிக் கூட்டம். கண்ணாடிக் கதவு எல்லோருக்கும் திறப்பதுபோல அவற்றுக்கும் திறந்தது. பட்டுப் பிரிவின் நடுவில் கட்டில் போய் நின்றது. விளக்கு நிலைக்கண்ணாடி அருகே நின்றது. கல்லாவுக்குப் பக்கத்தில் குழாய். அமலோற்பவம் பிரஷர் பார்க்கும் கருவியோடு வந்து, "செண்பகம், ஏறிப் படும்மா" என்றாள். கொஞ்ச நேரத்தில் சேலை காட்டும் பெண்களே வரிசையில் வந்துவிட்டார்கள். "நாள் முழுக்க நின்னுக்கிட்டே இருக்கோம் நர்ஸம்மா. காலைப் பாருங்க, எப்படி வீங்கிக் கிடக்கு!"

ஒரு பொருள் உடையவில்லை. ஒருவரும் குரலை உயர்த்தவில்லை.

"வெளியே போங்க!" என்று கத்தியது கடை.

"யாருப்பா பேசுறது? ஆளையே காணோம்" என்றது குழாய்.

"நான்தான், கடை!"

"அவர் தீவுலதானே இருக்கார்?" என்றது கட்டில், உண்மையான குழப்பத்தோடு.

கடை போலீஸ் லத்தியை வரவழைத்தது. லத்தியைக் கண்டதும் கட்டில் செண்பகத்தை நினைத்துப் பயந்தது. தன் பெயிண்ட் உரிந்தால் உரிந்துபோகட்டும். மேலே நிறைமாதக்காரி படுத்திருக்கிறாளே!

"அடிச்சு விரட்டு!" என்றது கடை.

லத்தி சாவகாசமாகச் சுற்றிப் பார்த்தது. "புகார் யாருது?"

"என்னுது."

"ஐயா குடியிருக்கிறது எங்கே?"

"முத்துத்தீவு..."

"அப்ப அந்தத் தீவு லத்திகிட்டச் சொல்லுங்க. இந்தத் தெருவுல குடியிருக்கிறவங்க சொன்னாத்தான் நான் அசைவேன்."

வாங்க வந்த ஒரு பெண், எடுத்த சேலையை வேண்டாம் என்று மெல்லப் பலகைமேல் வைத்தாள். பக்கத்தில் இருந்தவளும் வைத்தாள். மாடி மாடியாகச் சேலைகள் பலகைமேல் இறங்கும் மெத்தென்ற ஓசை, மழைக்கு முந்திய காற்றுபோல, பரவிக்கொண்டே போனது. கடையால் அதைத் தாங்க முடியவில்லை.

"நான் இங்கேதான் இருக்கேன்! என் அஸ்திவாரம் இந்த மண்ணுலதான் இருக்கு! பிறந்ததுலேர்ந்து இந்தத் தெருவை விட்டு ஒரு அடி நகர்ந்ததில்லை!"

ஐந்து மாடியும் அதிர்ந்து அடங்கின. எல்லோரும் கேட்டார்கள்.

கட்டில் கூச்சத்தோடு சொன்னது: "அப்படிங்களா? மன்னிச்சுக்கங்க. உங்க வீடுன்னு தெரியாம வந்துட்டோம்." செண்பகத்தைக் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டார்கள். கட்டில்தான் முதலில் வெளியேறியது.

வாசலில் ஊர்ப் பெட்டி வாயைத் திறந்தபடி காத்திருந்தது.

"இத்தனை பேர் கேட்டதை இனிமே மாத்திச் சொல்ல முடியாதுங்க. போட்டுடுங்க" என்றது லத்தி.

கடை போட்டது.

ஆஸ்பத்திரிக்கு வாங்கிய புதுப் பூட்டு பிரிக்காமலே கிடந்தது. கட்டில் தன் ஆணிகளெல்லாம் தளர ஒரு பெருமூச்சு விட்டது. ஆவணியில் செண்பகத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது.

நடந்துபோய் வந்ததில் கட்டிலின் ஒரு கால் வளைந்துவிட்டது. அமலோற்பவம் அதற்கடியில் ஓர் அட்டையை மடித்து வைத்திருக்கிறாள். இப்போது ஆடுவதில்லை.