டெஸ்க்டாப்பை விட்டு இறங்காத அன்னம்

பவானியில் ஒரு லேப்டாப்புக்குள் அன்னம் ஒன்று குடியிருந்தது. கல்யாண ரவிக்கையின் முதுகில் அமுதவல்லி ஆரி ஊசியால் ஜரிகையும் மணியும் கோத்துப் போட்ட அன்னம் அது. அதைப் போட்டோ எடுத்து டெஸ்க்டாப்பில் வைத்திருந்தாள். அந்தப் போட்டோவுக்குத் தலைக்கனம் கொஞ்சம் ஜாஸ்தி. திறந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் வராது?

லேப்டாப் அவளுடையது இல்லை. அக்கா மகள் கவிநிலாவுக்குக் காலேஜில் கொடுத்தது, படிப்பு முடிந்து சும்மா கிடந்தது. அமுதவல்லி அதை வாங்கி வந்ததற்குக் காரணம் கோயம்புத்தூர் ரத்னமாலா. அங்கே பெரிய ரவிக்கைக் கடை வைத்திருப்பவர்.

"தனித்தனி போட்டோவா அனுப்பாதீங்க, ஆயிரத்துல ஒண்ணாக் காணாமப் போயிடும். உங்க வேலைக்குன்னு ஒரு வெப் பக்கம் போட்டு லிங்க் அனுப்புங்க. பிடிச்சிருந்தா இந்த முகூர்த்த சீசன் வேலை மொத்தமும் உங்களுக்குத்தான். வெள்ளிக்கிழமை முடிவு பண்ணிடுவேன்" என்று அவர் போனில் சொல்லியிருந்தார்.

அமுதவல்லிக்கு அந்த வேலை வேண்டும். வெறியாக வேண்டும். இதுவரை அவள் தைத்ததையெல்லாம் கணவன் தங்கவேல்தான் வண்டியில் கொண்டுபோய்க் கடைகளில் கொடுப்பான். விலை பேசுவதும் அவன்தான். கடைக்காரர்கள் அதை 'தங்கவேல் ரவிக்கை' என்றே சொல்வார்கள். அவள் ஒரு கடைப் படியும் ஏறினதில்லை. யாரும் தடுக்கவில்லை, அப்படியே பழகிப்போயிற்று.

வெப் பக்கம் போடச் சொல்லித்தரும் வீடியோவைப் போனில் நிறுத்தி நிறுத்திப் பார்த்து, நோட்பேடில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். 'அமுதா ஆரி வேலை' என்று தலைப்புப் போட்டாள். 'இங்கிருந்து கொட்டை எழுத்து' என்று சொல்லும் தலைப்பு டேகைத் திறந்தவள், 'இதோடு போதும்' என்று சொல்லும் மூடும் டேகைப் போட மறந்துவிட்டாள். பக்கம் முழுக்கக் கொட்டை எழுத்தாகி நின்றது.

"ஏன் இப்படிக் காட்டுக் கத்தல் கத்தறே?" என்று பக்கம் தலைப்பைக் கேட்டது.

"போதும்னு யாராவது சொன்னாங்களா? சொல்ற வரைக்கும் கத்த வேண்டியதுதான்" என்றது தலைப்பு.

அவள் திரும்பத் திரும்பப் பார்த்துக் கண்டுபிடித்து, மூடும் டேகைப் போட்டாள். தலைப்பு அடங்கியது. அடுத்து அன்னத்தின் முறை.

"என்கூட வந்து உட்காரு" என்று பக்கம் கூப்பிட்டது.

"நான் எதுக்கு இறங்கி வரணும்? என் விலாசத்தை எழுதிக்க. கேக்கறவங்களுக்குச் சொல்லு, அவங்க வந்து பாத்துக்கட்டும்" என்றது அன்னம்.

பக்கமும் எழுதிக்கொண்டது: சி டிரைவ், அதற்குள் யூசர்ஸ், அதற்குள் கவிநிலா, அதற்குள் டெஸ்க்டாப், அங்கே அன்னம். லேப்டாப்பில் திறந்தால் அன்னம் பளிச்சென்று தெரிந்தது. தங்கவேல் எட்டிப் பார்த்து, "ஜம்முனு இருக்குது புள்ள" என்றான். அவள் பக்கத்தை இலவசத் தளம் ஒன்றில் ஏற்றி, லிங்கை அனுப்பினாள். மனசு குளிர்ந்து போயிருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் பதில் வந்தது. "படமே வரலைங்களே. வெறும் கட்டம்தான் இருக்கு. நாளைக்கு வெள்ளிக்கிழமைங்க."

லேப்டாப்பில் இருந்த பக்கத்தைத் திறந்தாள், அன்னம் அங்கேதான் இருந்தது. தங்கவேலின் போனை வாங்கி லிங்கைத் தொட்டாள். அதில் அன்னம் இருக்க வேண்டிய இடத்தில் காலிக் கட்டம்.

போனிலிருந்த பிரவுசர் பக்கத்தைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. "கவிநிலா டெஸ்க்டாப்பாமே! இங்க எந்தக் கவிநிலா இருக்கா? நீ சொல்ற டிரைவே என்கிட்ட கிடையாது. விலாசத்தை வெச்சுக்கிட்டு நான் என்னத்தைக் காட்ட?"

பக்கத்துக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"விடு புள்ள, நமக்கெதுக்கு இந்த வம்பெல்லாம்" என்றான் தங்கவேல். "ரவிக்கையைக் குடு, நானே போய்க் காட்டிட்டு வர்றேன்."

"இருங்க மாமா. ஒரு மணி உதுந்துச்சுன்னு ரவிக்கையையா தூக்கிப் போடறோம்?"

சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, எழுதினதை முதல் வரியிலிருந்து படித்தாள். அக்கா மகள் பெயர் வந்த இடத்தில் விரல் நின்றது. இந்தப் பெயர் ரத்னமாலா போனில் எப்படி இருக்கும்? வீட்டுக்குள் இருப்பதை வீட்டுக்குள்ளேயே வைத்துவிட்டு, வழி மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறோம். தன் மண்டையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள்.

புதிதாக ஒரு போல்டர் போட்டுப் பக்கத்தை அதில் வைத்தாள். பிறகு அன்னத்தை டெஸ்க்டாப்பிலிருந்து அதே போல்டருக்குள் இழுத்தாள்.

"வேண்டாம், வேண்டாம்" என்று அது முரண்டு பிடித்தது. "இங்க எல்லாரும் நல்லா இருக்குதுங்கறாங்க. அங்க போனா குத்தம் சொல்லுவாங்க."

"சொல்லட்டுமே" என்றது பக்கம். "இங்கயே இருந்தா குத்தம் சொல்லக்கூட யாரும் பாக்க மாட்டாங்க."

நீளமான விலாசத்தை அழித்து, அன்னத்தின் பெயரை மட்டும் விட்டாள். இரண்டையும் சேர்த்தே தளத்தில் ஏற்றினாள். தங்கவேலின் போனில் அன்னம் மெல்ல வந்து கட்டத்தில் உட்கார்ந்தது. அவள் கண்ணில் நீர் முட்டியது. லிங்கை மறுபடியும் அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை ரத்னமாலாவிடமிருந்து செய்தி வந்தது. "இப்பத் தெரியுது. வேலை சுத்தமா இருக்குங்க. நாளைக்குக் கடைக்கு வாங்க, விலையும் டிசைனும் பேசிடலாம்."

அமுதவல்லியின் விரல் பழக்கத்தில் தட்டியது: "என் வீட்டுக்காரரை அனுப்பறேன் மேடம்."

அன்னம் அதைப் பார்த்தது. "மறுபடியும் விலாசம்தான் போகுது, ஆள் போகலை" என்று பக்கத்தின் காதில் சொன்னது.

அனுப்புகிற பொத்தான் மேல் போன விரல் அப்படியே நின்றது. அவள் அன்னத்தைப் பார்த்தாள், எழுதினதைப் பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டு எழுதினாள்: "நானே வர்றேன் மேடம்."

"அப்ப நானு?" என்றான் தங்கவேல்.

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வண்டியில கொண்டுபோய் விடுங்க மாமா, போதும்."

அன்னம் பக்கத்திடம் சொன்னது: "இந்தத் தடவை கட்டம் காலியா இருக்காது."