மிளகு கட்டிய இனிப்புச் சுவர்

மழை ஓயாத ஒரு மலைக்காட்டில், மகிழன் என்றோர் இருவாட்சிப் பறவை இருந்தான். பெரிய மஞ்சள் அலகு, அதைவிடப் பெரிய வாய். குழந்தைகளே, வாய் பெரிது என்றதும் சாப்பாட்டை நினைத்துவிடாதீர்கள். நான் சொல்வது பேச்சை.

இருவாட்சிகளின் குடித்தனம் ஒரு தனி மாதிரி. தாய்ப்பறவை மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்து, வாசலைச் சுவர் வைத்து அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டுவைக்கும். தகப்பன் பழம் பறித்து வந்து அந்தக் கீறல் வழியாக ஊட்டும். குஞ்சுகள் வளர்ந்து உள்ளே இடம் போதாமல் ஆனதும், தாய் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். அப்புறம் அந்தச் சுவரைக் குஞ்சுகளேதான் பூசி மூட வேண்டும். மண்ணையும் தங்கள் எச்சத்தையும் குழைத்துப் பூசினால் அது காய்ந்து கல்லாகிவிடும். இறக்கை முளைத்துப் பறக்கும்வரை அவர்களுக்கு அந்தச் சுவர்தான் காவல்.

மகிழனுக்கு இரண்டு குஞ்சுகள். தாய் வெளியே வந்துவிட்டாள், சுவரை அவர்களே பூசி மூடியிருந்தார்கள். மூத்தவள் குன்றி. எதையும் யோசித்துத்தான் பேசுவாள். இளையவன் மிளகு. மனதில் வந்ததை அப்படியே சொல்லிவிடுவான்.

"அப்பா, வானம் எவ்வளவு பெரிசு?" என்று ஒருநாள் மிளகு கேட்டான்.

"ரொம்பப் பெரிசுடா."

"பொய். இந்தக் கீறல் அளவுதான் இருக்கு. நான்தான் தினம் பாக்கறேனே!"

இன்னொரு நாள், "அப்பா, எப்பவும் உங்க அலகு மட்டும்தான் வருது. மீதி அப்பாவை எங்க வெச்சிட்டு வர்றீங்க?" என்று கேட்டான்.

மகிழன் கிளையிலிருந்து விழாத குறையாகச் சிரித்தான். சிரித்து முடித்ததும் நேராக அத்திமரத்துக்குப் பறந்தான். சாயங்காலம் ஆனால் காட்டில் பாதிப் பேர் அங்கேதான் கூடுவார்கள். "என் பையன் இன்னைக்கு என்ன கேட்டான் தெரியுமா?" என்று மகிழன் ஆரம்பித்தால், கருமந்தி கிளையைத் தட்டித் தட்டிச் சிரிக்கும். மலையணில் வாயிலிருந்த கொட்டையைத் தவறவிடும். எல்லோருக்கும் பின்னால் ஒரு மரநாய் உட்கார்ந்திருக்கும். மற்றவர்கள் சிரித்து ஓய்ந்த பிறகும் அது சிரித்துக்கொண்டிருக்கும்.

"அண்ணே, உங்க வீட்டுப் பேச்சைக் கேட்டாலே வயிறு நிறைஞ்சிடுது" என்று சொல்லும்.

மகிழனுக்கு அந்தப் பாராட்டு பழத்தைவிட இனித்தது. நாளாக நாளாக அவன் பொந்துக்குப் பழம் கொண்டுபோனானா, கதை எடுத்துவரப் போனானா என்று அவனுக்கே தெரியவில்லை.

ஒருநாள் மிளகு கீறலுக்கு அருகே வந்து, குரலைத் தாழ்த்திப் பேசினான்.

"அப்பா, ஒண்ணு சொல்வேன். யாருகிட்டயும் சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன். என்னடா?"

"சத்தியமா?"

"சத்தியமா!"

"கீழே இடதுபக்க மூலை இருக்குல்ல, அங்க நான் மண்ணும் எச்சமும் பூசல. நாத்தம் தாங்கலப்பா. அத்திப்பழத்தை மிதிச்சுப் பூசிட்டேன். இப்ப சுவரு இனிக்குது. பசிச்சா நக்கிக்கறேன்."

மகிழனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "வீட்டையே சாப்பிடறியாடா நீ?"

"சிரிக்காதீங்கப்பா. அந்த இடம் காயவே மாட்டேங்குது. கொழகொழன்னு இருக்கு. எனக்குப் பயமா இருக்கு. அம்மாவுக்குத் தெரிஞ்சா திட்டுவாங்க. நீங்க மண் கொண்டாந்து குடுங்க, நான் சத்தமில்லாம பூசிடறேன்."

"அவ்வளவுதானே! நாளைக்கே கொண்டு வர்றேன்."

மகிழன் இதைக் குஞ்சுகளின் அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் அன்றைக்கே மண் சுமந்து வந்து அந்த மூலையை அடைத்திருப்பாள். கட்டாயம் தெரிய வேண்டியவளிடம் சத்தியத்தைக் காப்பாற்றினான். தெரியவே கூடாதவர்களிடம் அன்று சாயங்காலமே கொட்டிவிட்டான்.

"பசிச்சா சுவரை நக்கிக்கறானாம்!" என்றான் அத்திமரத்தில். மரமே குலுங்கியது.

மரநாய் கண்ணீரைத் துடைத்துக்கொண்டது. "அண்ணே, இன்னொரு தடவை சொல்லுங்கண்ணே. எந்த மூலைன்னான்?"

"கீழே, இடதுபக்கம். கொழகொழன்னு இருக்காம்!"

"கொழகொழன்னு!" என்று மரநாய் திரும்பச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

மறுநாள் மகிழன் மண் கொண்டுபோக மறந்துவிட்டான். அதற்கு மறுநாளும் மறந்தான். அலகு நிறையப் பழம், தலை நிறையக் கதை. மண்ணுக்கு எங்கே இடம்?

அப்படி அவன் பழத்தோடு வந்த ஒருநாள், மிளகு வாங்கிக்கொள்ளவில்லை.

"இந்தப் பக்கமாப் போன கிளி என்னை 'சுவர்தின்னி'ன்னு கூப்பிடுது. நீங்க சத்தியம் பண்ணீங்களேப்பா."

"அடடே, இதுக்குப் போய் மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கறதா? எல்லாரும் உன்மேல பிரியப்பட்டுத்தான்டா சிரிக்கிறாங்க. எல்லாம் நம்ம ஆளுங்க."

உள்ளிருந்து குன்றி கேட்டாள். "நம்ம ஆளுங்கன்னா யாருப்பா?"

"மந்தி, அணில், கிளி, மரநாய்..."

"மரநாயா? அது குஞ்சுகளைத் தின்னும்னு அம்மா சொன்னாங்களே!"

"உங்க அம்மாவுக்கு நிழலைப் பாத்தாலும் பயம். அவன் எப்படிச் சிரிப்பான் தெரியுமா? அங்க இருக்கறவங்கள்லயே நல்லவன் அவன்தான்."

மகிழன் அதையும் விட்டுவைக்கவில்லை. சாயங்காலம் மரநாயைக் கூப்பிட்டு, "டேய் தம்பி, என் பொண்ணு உன்னைப் பாத்துப் பயப்படறாடா!" என்றான்.

"என்னைப் பாத்தா அண்ணே?" என்று மரநாய் வாயைப் பிளந்து சிரித்தது. அதன் பற்கள் அத்தனையும் தெரிந்தன. மகிழன் சிரிப்பை மட்டும் பார்த்தான்.

அடுத்த நாள் சாயங்காலம் மகிழன் அலகை நீட்டியபோது, இரண்டு குஞ்சுகளும் கீறலை ஒட்டி நின்றிருந்தார்கள்.

"அப்பா, சுவரு சொறிஞ்சுக்குது" என்றான் மிளகு.

"சுவருக்கு அரிக்குதாடா?"

"விளையாடாதீங்கப்பா. வெளியே இருந்து யாரோ பிராண்டறாங்க. அந்த மூலையிலதான். கொஞ்ச நேரம் பிராண்டிட்டு, நக்கிட்டு, போயிடுச்சு."

"அப்பா, இன்னைக்கு அத்திமரத்துக்குப் போகாதீங்க. அம்மாவும் பழத்துக்குப் போயிருக்காங்க. இங்கேயே இருங்கப்பா" என்றாள் குன்றி.

"போனதும் வந்துடுவேன். வரும்போது மறக்காம மண் கொண்டு வர்றேன்" என்றான் மகிழன்.

சுவர் தன்னைத்தானே சொறிந்துகொள்கிறதாம்! இப்படி ஒரு கதை கிடைத்தபின் அவன் எப்படி இருப்பான்? பறந்துவிட்டான்.

அத்திமரத்தில் கூட்டம் நிறைந்திருந்தது. மகிழன் மகனைப் போலவே குரலை மெலிதாக்கி, கண்ணை உருட்டி, "அப்பா, சுவரு சொறிஞ்சுக்குது!" என்று நடித்துக் காட்டினான். மந்தி கிளையைத் தட்டியது. அணில் உருண்டது. ஆனால் வழக்கமான அந்த நீண்ட சிரிப்பு மட்டும் கேட்கவில்லை.

மகிழன் பின்கிளையைப் பார்த்தான். அங்கே யாரும் இல்லை.

"மரநாய் எங்கே? அவன் இருந்தா இதை எப்படி ரசிச்சிருப்பான்!" என்றான். அவனுக்கு உண்மையாகவே வருத்தம். அது வந்துவிடும் என்று கொஞ்சம் காத்திருந்து, மீதிக் கதையையும் சொன்னான். கடைசிச் சிரிப்பு அடங்குவதற்குள் காட்டின் அந்தக் கோடியிலிருந்து தாய்ப்பறவையின் அலறல் கேட்டது.

அவன் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தாய் கொத்திய கொத்தில் மரநாய் ஓடியிருந்தது. ஆனால் வெறும் வாயோடு ஓடவில்லை. சுவரின் இடதுபக்க மூலையில் மரநாயின் தலை நுழையும் அளவுக்கு ஓட்டை. குன்றி பொந்தின் உச்சியில் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"மிளகு எங்கேம்மா?" என்று மகிழன் குன்றியைக் கேட்டான்.

"நான் மேலே ஏறிக்கடான்னு சொன்னேன். அவன் கேக்கல. 'நான் பூசின மூலைதானே, நானே அடைச்சுக்கறேன்'னு முதுகை வெச்சு அடைச்சுக்கிட்டு நின்னான்."

தாய்ப்பறவை மகிழனைத் திட்டவில்லை. அவனைப் பார்க்கவும் இல்லை. ஓடைக்குப் போய் மண் கொண்டு வந்தாள். மறுபடி போனாள், மறுபடி வந்தாள். அந்த மூலையை வெளியிலிருந்து தானே அடைத்தாள். அவனும் மண் எடுத்து வந்தான். அதை அவள் வாங்கவில்லை.

காடு துக்கம் விசாரித்தது. எல்லோரும் நல்ல வார்த்தைதான் சொன்னார்கள். சில நாள் கழித்து, பழம் பறிக்க வந்த மகிழனிடம் மந்தி மெல்ல நெருங்கியது. "நீ பேசாம எங்களுக்கும் பொழுதே போகல மகிழா. பொண்ணு ஏதாச்சும் சொல்றாளா?"

"ஒண்ணும் சொல்றதில்லை" என்றான் மகிழன். அது உண்மைதான்.

குன்றி பழத்தை வாங்கிக்கொள்வாள். "போதும்" என்பாள். அவ்வளவுதான் பேச்சு. வானத்தைப் பற்றிக் கேட்பதில்லை, இருட்டைப் பற்றிக் கேட்பதில்லை, பசியைக்கூடச் சொல்வதில்லை. மகிழன் அந்தக் கீறலுக்கு வெளியே நெடுநேரம் உட்கார்ந்திருப்பான்.

ஒருநாள் அவனால் பொறுக்க முடியவில்லை. அலகைக் கீறலில் வைத்துக் கெஞ்சினான். "அப்பாகிட்ட ஏதாவது பேசும்மா. ஒரே ஒரு வார்த்தை."

உள்ளிருந்து குன்றி கேட்டாள். கோபமாக அல்ல, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"யாருகிட்டப்பா போய்ச் சொல்லப் போறீங்க?"

மகிழன் அலகை வெளியே இழுத்துக்கொண்டான்.

நீதி: பிள்ளை நம்பிச் சொன்னதை ஊரின் சிரிப்புக்கு விற்பவனிடம், பிள்ளை பிறகு ஆபத்தைக்கூடச் சொல்லாது.