ஊருக்கெல்லாம் ஓட்டுக் கேட்ட சிகாமணி

ஒரு ஊர்ல ஒரு தொண்டை இருந்துச்சு. சிரிக்காத, நெசமாத்தான். அந்தத் தொண்டைக்குப் பின்னாடி ஒரு ஆளும் இருந்தான், பேரு ஞானசிகாமணி. ஆனா ஆளு வர்றதுக்கு முன்னாடியே தொண்டை தெருவுக்குள்ள வந்துரும். ஆட்டோ மேல குழாய் ஸ்பீக்கரக் கட்டி, உள்ள உக்காந்து மைக்க வாய்கிட்ட வச்சான்னா, "க்ர்ர்ர்... உய்ங்ங்ங்... ஹலோ ஹலோ! அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே!" அவ்ளோதான். தூளில தூங்குற புள்ள முழிச்சுக்கும். குழாயடில சண்டை போடுறவங்க சண்டைய நிறுத்திட்டுக் கேப்பாங்க. ஜவுளிக்கடைத் தள்ளுபடி, காணாமப்போன ஆடு, கோயில் கொடை, எல்லாத்தையும் சொல்லுவான். ஆனா தேர்தல் வந்தாத்தான் அவனுக்குத் தீபாவளி.

ம் சொல்லு.

"ம்."

ஊரு பேரு கொட்டாரப்பேட்டை. நகராட்சி. சிகாமணி இருந்த வார்டுக்குக் கவுன்சிலர் வைரக்கண்ணு. தலைல ஒரு முடி கெடையாது, ஆனா சின்னம் சீப்பு. தேர்தலுக்குத் தேர்தல் அவருக்கு சிகாமணிதான் கத்துவான். "வாக்களிப்பீர் சீப்பு சின்னம்! பள்ளத்தெரு சாக்கடைக்கு மூடி போட்டுத் தருவார் அண்ணன் வைரக்கண்ணு!" அந்தப் பள்ளத்தெருதான் சிகாமணி குடியிருந்த தெரு. அவன் வாசலுக்கு முன்னாடியே அந்தச் சாக்கடை ஆன்னு வாயத் தொறந்து கெடக்கும். தேர்தல் முடியும், அண்ணன் ஜெயிப்பாரு, மூடி வராது. சிகாமணி அதப்பத்திக் கவலப்பட்டதே இல்ல. சொல்றதுதானே அவன் வேல, செய்றது அவன் வேலையா?

அப்புறம் ஒரு நாள் மழை பிடிச்சுது. சோ...ன்னு. ரோடு எது, சாக்கடை எதுன்னு தெரியல, எல்லாம் ஒரே தண்ணி. சிகாமணி மக செவந்தி, உன் வயசுதான் இருக்கும், பள்ளிக்கூடம் விட்டு வந்தா. வீட்டு வாசல்ல கால வச்சா. தொபுக்! ஆளக் காணோம்.

"ஐயோ!"

பயப்படாத. எதிர்வீட்டுல பரிபூரணம்னு ஒரு தையக்கார அக்கா. மெஷின அப்படியே விட்டுட்டு ஓடியாந்து சாக்கடைக்குள்ள குதிச்சா. இடுப்புவரைக்கும் தண்ணி. தடவுனா, தடவுனா, கையில சடை சிக்குச்சு, வெடுக்குன்னு இழுத்துட்டா. புள்ள பொழச்சுது. கைதான் ஒடஞ்சுபோச்சு.

அப்போ சிகாமணி எங்க இருந்தான்? சந்தைப்பேட்டைல கட்டில் பீரோ தள்ளுபடி சொல்லிக்கிட்டு இருந்தான். சேதி கேட்டு ஆஸ்பத்திரிக்கு விழுந்தடிச்சு ஓடுனான். செவந்தி மாவுக்கட்டோட படுத்திருந்தா. அப்பாவப் பாத்ததும் கேட்டா, "மூடி போடுவோம்னு மைக்ல நீதானே சொன்ன? ஏன்ப்பா போடல?"

சிகாமணி அந்த மாவுக்கட்டத் தடவிக் குடுத்துக்கிட்டே உக்காந்திருந்தான்.

"கை சரியாச்சா?"

ஆச்சு, ஆச்சு. கேளு.

மறுநாள் நேரா வைரக்கண்ணு வீட்டுக்குப் போனான். "அண்ணே, மூடி போட்டுக் குடுங்கண்ணே. புள்ள விழுந்துருச்சு."

வைரக்கண்ணு நல்லாத்தான் பேசுனாரு. உக்காரச் சொன்னாரு, டீ வாங்கிக் குடுத்தாரு. அப்புறம் வாக்காளர் பட்டியல எடுத்து வச்சுக்கிட்டு சரக் சரக்குன்னு பொரட்டுனாரு. "பள்ளத்தெரு... இதோ. என்ன சிகாமணி, உன் பேரே இதுல இல்லையே?"

"இல்லையாண்ணே?"

"இத்தன வருஷமா எனக்கு ஓட்டே போட்டதில்லையா நீ?"

"ஓட்டு அன்னிக்கு வீட்டுல தூங்குவேண்ணே. தொண்டைக்கு ரெஸ்ட்டு."

அவன் என்ன நெனச்சுட்டான்னா, பதினெட்டு வயசு ஆனா பேரு தானா பட்டியல்ல ஏறிடும், மீசை மொளைக்கிற மாதிரின்னு நெனச்சுட்டான். அவன் பொண்டாட்டி தங்கபுஷ்பம் பேரும் அங்க இல்ல, அது இன்னும் அவ அம்மா ஊர்லயே இருந்துச்சு.

"அப்போ உன் வீட்டுல எனக்கு ஒரு ஓட்டுகூட இல்ல," ன்னாரு வைரக்கண்ணு. "நான் என் வாக்காளருக்குத்தானேப்பா பதில் சொல்லணும்? டீயக் குடி, ஆறுது."

சிகாமணிக்கு அந்த டீ எறங்கல. வீட்டுக்கு வந்து தங்கபுஷ்பத்துகிட்ட சொன்னான், "ஊருக்கெல்லாம் ஓட்டுக் கேட்டேன். எனக்கு ஓட்டே இல்லையாம்டி."

"போய்ப் பேரச் சேரு," ன்னா அவ. "அதுக்கும் மைக் வேணுமா?"

அப்போ அடுத்த தேர்தல் வர்ற நேரம். பேரு சேக்கிறதுக்கு ஞாயித்துக்கெழம பள்ளிக்கூடத்துல முகாம். அத ஊருக்குச் சொல்ல யாரக் கூப்பிடுவாங்க? சிகாமணியத்தான். விடிஞ்சதுலேருந்து ஆட்டோல சுத்துனான். "பதினெட்டு வயசு ஆனவர்களா? படிவம் ஆறு! வீடு மாறியவர்களா, பெயரில் பிழையா? படிவம் எட்டு! போட்டோ, வயசுக்கு ஒரு சான்று, முகவரிக்கு ஒரு சான்று! முகாமுக்கு இன்றே கடைசி நாள்! தவறாதீர்!" அவன் சொல்லச் சொல்ல ஊரே எழும்பிப் போச்சு. தங்கபுஷ்பம் போனா, படிவம் எட்டு எழுதிக் குடுத்தா, வந்து சமையலப் பாத்தா. சிகாமணி இன்னும் ஒரு தெரு, இன்னும் ஒரு தெருன்னு முடிச்சுட்டு, சாயங்காலம் மூச்சு வாங்க பள்ளிக்கூடத்துக்கு வந்தான். வாட்ச்மேன் கேட்டப் பூட்டிக்கிட்டு இருந்தாரு. க்ளக்!

"ஐயா, பேரு சேக்கணும்."

"முகாம் முடிஞ்சுதே. காலைலேருந்து ஒருத்தன் காது கிழியக் கத்திக்கிட்டே இருந்தானே, கேக்கலையா உனக்கு?"

"ஹி ஹி!"

நீ சிரிக்கிற, அவன் சிரிக்கல. விடுவானா? மறுநாளே தாலுகா ஆபீசுக்குப் போயிட்டான். அங்க தேர்தல் பிரிவுல ஒரு அம்மா. "முகாம் போனாப் போகுது, இங்கயும் குடுக்கலாமே. போன்லகூட போடலாம்," ன்னாங்க.

"அப்புறம் எதுக்கும்மா என்னைய இன்றே கடைசி நாள்னு கத்தச் சொன்னீங்க?"

"அப்படிச் சொன்னாத்தாங்க ஜனங்க வருவாங்க."

படிவம் ஆறு எழுதுனான். பாங்க் பாஸ்புக்குல வீட்டு முகவரி இருந்துச்சு, பத்தாங்கிளாஸ் மார்க் சீட்டுல பொறந்த தேதி இருந்துச்சு, ரெண்டையும் காட்டுனான். அப்புறம் வாக்காளர் பட்டியல் வேலையும் பாக்குற அங்கன்வாடி டீச்சர் வீட்டுக்கு வந்து, ஆளு நெசமாவே இங்கதான் இருக்கானான்னு பாத்துட்டுப் போனாங்க. பட்டியல் வந்துச்சு. சிகாமணி ஓடிப்போய்ப் பாத்தான். பேரு இருக்கு! அப்பா பேரு சரி, கதவு நம்பர் சரி, போட்டோல மீசை சரி. பாலினம்: பெண்.

ம் சொல்லு, தூங்கிட்டியா?

"ம்... பொண்ணா?"

ஆமா, பொண்ணு. திரும்பவும் அந்த அம்மாகிட்ட போனான். அவங்க கண்ணாடியக் கழட்டித் தொடச்சு, பட்டியலப் பாத்தாங்க, மீசையப் பாத்தாங்க. "படிவம் எட்டு குடுங்க, மாத்திருவோம். ஆனா இந்தத் தேர்தலுக்குள்ள மாறுமான்னு தெரியல. பரவால்ல, பேரும் போட்டோவும் இருக்குல்ல, போடலாம்."

"பொண்ணாவா போடணும்?"

"ஓட்டுல என்னங்க ஆம்பள ஓட்டு, பொம்பள ஓட்டு? எல்லாம் ஒண்ணுதான்."

அதுக்குள்ள தேர்தல் சூடு பிடிச்சுருச்சு. வைரக்கண்ணு முந்தியே வந்து முன்பணம் குடுத்து சிகாமணியப் பேசி வச்சுட்டாரு. செவந்தி வைத்தியச் செலவு இருந்துச்சு, அவனும் தலையாட்டிட்டான். அப்புறந்தான் தெரிஞ்சுது, எதுத்து நிக்கிறது யாரு? பரிபூரணம் அக்கா! கட்சி கெடையாது, சின்னம் பூட்டு. மைக்கு கெடையாது, ஆட்டோ கெடையாது. வீடு வீடா நடந்து போய், "சாக்கடைக்கு மூடி வேணும், நான் கேட்டு வாங்குறேன்," அவ்ளோதான் சொல்லுவா.

சிகாமணி தலையத் தொங்கப்போட்டுக்கிட்டு அவ முன்னாடி நின்னான். "அக்கா, வாங்குன காசத் திருப்பிக் குடுத்துரவா?"

"பொழப்பப் பாருடா," ன்னா அவ. "தொண்டைய வாடகைக்கு விட்டுட்ட. வெரலயுமா விட்டுட்ட?"

சரி, இந்தத் தடவ கொஞ்சம் ஏனோதானோன்னு கத்துவோம்னு நெனச்சுத்தான் மைக்கப் பிடிச்சான். ஆனா அவன் தொண்டைக்கு அது தெரியாதே! மைக்கு வாய்கிட்ட வந்ததும் குரல் அப்படியே உருகி வழியுது. "உங்கள் வீட்டுப் பிள்ளை, உங்கள் கண்ணீரைத் துடைக்கும் கை, அண்ணன் வைரக்கண்ணு!" வாசல்ல நின்னு கேட்ட தங்கபுஷ்பமே மூக்க உறிஞ்சுனா. "நீ சொன்னா எனக்கே சீப்புக்குப் போட்டுரலாம்னு இருக்குய்யா. கொஞ்சம் மட்டமாப் பேசித் தொலையேன்."

அப்புறம் ஓட்டு அன்னிக்கு. சிகாமணி குளிச்சு, வெள்ளச் சட்ட போட்டு, மொத ஆளாப் போய் ஆம்பளைங்க வரிசைல நின்னான். உள்ள போனான். பட்டியல் வச்சிருந்த அலுவலர் படிச்சாரு, "ஞானசிகாமணி... பெண்..." நிமிந்து பாத்தாரு. மீசை.

வரிசையே கொல்லுன்னு சிரிச்சுது. அப்போ பூட்டுச் சின்னத்து ஏஜென்ட் எந்திரிச்சா, பரிபூரணத்துகிட்ட தையல் கத்துக்கிற பொண்ணு. "சார், ஆட்சேபணை! பட்டியல்ல பொண்ணு, வந்திருக்கிறது ஆம்பள. அதுவும் ஊரெல்லாம் சீப்பு சீப்புன்னு கத்துன ஆளு!"

ஒடனே சீப்பு ஏஜென்ட் எந்திரிச்சான். "சார், இவரு நம்ம ஆளு. போட்டோ பாருங்க, அடையாள அட்டை பாருங்க. அச்சுப் பிழைக்கு இவரு என்ன பண்ணுவாரு?"

பாத்தியா கூத்த? யாருக்குப் போடப் போறானோ அவங்க ஆளு தடுக்குது, யாருக்குப் போட மாட்டானோ அவங்க ஆளு சண்டை போட்டு உள்ள விடுறான். சிகாமணி ரெண்டு பேரயும் மாறி மாறிப் பாக்குறான்.

"உங்க பேரச் சொல்லுங்க," ன்னாரு அலுவலர்.

"ஞானசிகாமணி!" கணீர்னு வந்துச்சு பாரு, வெளிய மரத்துல இருந்த காக்கா பறந்துருச்சு.

"சார், பிரச்சாரம் பண்றாரு சார்!"

"பேரத்தானேம்மா சொல்றாரு," ன்னு அலுவலர் அட்டையப் பாத்தாரு, போட்டோவப் பாத்தாரு, சரின்னு தலையாட்டிட்டாரு. கையெழுத்துப் போட்டான். இடது கை ஆள்காட்டி வெரல்ல மை வச்சாங்க, சில்லுனு இருந்துச்சு. மறைப்புக்குப் பின்னாடி போனான். ஒரு பக்கம் சீப்பு, ஒரு பக்கம் பூட்டு. சுத்தி யாரும் இல்ல, மைக்கு இல்ல, எழுதிக் குடுக்க ஆளு இல்ல. அழுத்துனான். பீஈஈஈப்! வாழ்க்கைல மொதத் தடவ, அவன் ஒண்ணுமே சொல்லாம, அவன் சொல்ல நெனச்சதச் சொல்லிட்டான். வெளிய வந்து வெரல வெரலப் பாத்துக்கிட்டே வீடு வந்து சேந்தான்.

ம்?

"ம்... அந்த அக்கா ஜெயிச்சாங்களா?"

அங்கதான் இருக்கு வெனை. ஓட்டு எண்ணுனாங்க. கொஞ்சோண்டு வித்தியாசத்துல ஜெயிச்சது வைரக்கண்ணு! பள்ளத்தெருக்காரங்கள சிகாமணி போய்க் கேட்டான், "ஏன்யா, சாக்கடை உங்க வாசல்லயும்தானே ஓடுது? அக்காவுக்குப் போட்டிருக்கக் கூடாதா?"

"போடலாம்னுதான் போனோம்," ன்னாங்க. "நீ அவ்ளோ உருக்கமாச் சொன்னியேப்பா. பொத்தான்கிட்ட போனதும் உன் குரல்தான் காதுல கேட்டுச்சு."

சிகாமணி தலையில அடிச்சுக்கிட்டு பரிபூரணத்துகிட்ட போனான். "அக்கா, நான் உனக்குத்தான்க்கா..."

"தெரியும்டா," ன்னு அவ ஊசில நூலக் கோத்துக்கிட்டே சொன்னா. "உன்னோட ஒண்ணு வந்துச்சு. உன் தொண்டையால போனதுதான் ஜாஸ்தி."

சொல்லிட்டு சிரிச்சா. அவனுக்கு அழுகை வந்துருச்சு.

மறுநாள் நன்றி அறிவிப்பு. திறந்த ஜீப்புல வைரக்கண்ணு மாலையோட கும்பிட்டுக்கிட்டே நிக்கிறாரு, பக்கத்துல மைக்கோட சிகாமணி. டம் டம் டம் டம்! மேளம். வண்டி தெருத் தெருவா வந்து பள்ளத்தெருவுல திரும்புச்சு. எழுதிக் குடுத்த சீட்ட சிகாமணி படிச்சான். "வாக்களித்த நல்ல உள்ளங்களுக்கு நன்றி! நன்றி! நன்றி!" சீட்டு முடிஞ்சுது. அவன் வாசல் வந்துச்சு. கட்டுப் பிரிச்சு கை சரியான செவந்தி அங்க நின்னு வேடிக்க பாக்குறா. சாக்கடை ஆன்னு கெடக்குது. மேளம் நின்னுச்சு, ஆனா மைக்கு நிக்கல.

"இந்தப் பள்ளத்தெரு சாக்கடைக்கு, இன்று மாலைக்குள், மூடி போட்டுத் தரும், சொன்னதைச் செய்யும் செம்மல், அண்ணன் வைரக்கண்ணு அவர்களுக்கு, பொதுமக்கள் சார்பாக நன்றி! நன்றி! நன்றி!"

படபடபடன்னு கை தட்டு! ஒரே விசிலு! வைரக்கண்ணு சிரிச்ச மொகம் மாறாம, பல்லக் கடிச்சுக்கிட்டே கேட்டாரு, "டேய், இது சீட்டுல இல்லையேடா?"

"ஒரு வேகத்துல வந்துருச்சுண்ணே."

அதுக்குள்ள பரிபூரணம் கூட்டத்த வெலக்கிக்கிட்டு ஜீப்புகிட்ட வந்து பெரிய கும்பிடாப் போட்டா. "ரொம்ப நன்றி கவுன்சிலரே. சாமான் எல்லாம் எப்போ வரும்? நான் வாசலத் தெளிச்சு வைக்கிறேன்."

ஊரே பாக்குது. ஒருத்தன் போன்ல படம் வேற எடுக்குறான். வைரக்கண்ணு என்ன பண்ணுவாரு? போன எடுத்தாரு. சாயங்காலம் லாரி வந்துச்சு. டங்கு, டங்கு, டங்குன்னு சிமென்ட்டுப் பலகை எறங்குச்சு. இந்த முக்குலேருந்து அந்த முக்குவரைக்கும் சாக்கடைக்கு மூடி.

வைரக்கண்ணு சிகாமணி தோள்ல கையப் போட்டுக்கிட்டு, "போன தடவ மாதிரி இல்லையே, இந்தத் தடவ ஓட்டுப் போட்டல்ல? சீப்புக்குத்தானே?" ன்னாரு.

"அதெல்லாம் வெளிய சொல்லக்கூடாதுண்ணே. ரகசியம்."

"அடடா, எவ்ளோ அடக்கம் பாரு!" ன்னு கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு.

அப்புறம், மறுநாள் விடிஞ்சும் விடியாம சிகாமணி வீட்டுக் கதவ யாரோ தட்டுனாங்க. தொறந்தா, அடுத்த தெருக்காரங்க பாதிப் பேரு நிக்கிறாங்க. "சிகாமணி, எங்க தெருவுல லைட்டு எரியாம வருஷமாச்சு. எத்தன மனு குடுத்தும் நடக்கல," ன்னாங்க. "கொஞ்சம் வந்து, கவுன்சிலருக்கு ஒரு நன்றி சொல்லிட்டுப் போயேன்."

அவ்ளோதான் கண்ணு, கதை எறங்கி நடந்து போயிருச்சு. நீ கண்ண மூடு.

ம்?

தூங்கிருச்சு.