செவலை நின்ற தூரம்

வீரணன் கண்மாய்க்குள் எறிந்த செத்த வாத்தை அவனுடைய நாய் செவலை நீந்திப் போய்க் கவ்வியது. தலையைத் தூக்கிப் பிடித்தபடி கரையேறியது. ஓர் இறகுகூடக் கசங்கவில்லை.

வீரணன் கையை நீட்டினான். நாய் நின்றுவிட்டது. அவன் ஓர் எட்டு முன்னால் வைத்தால் அது ஓர் எட்டு பின்னால் போனது.

"கொடுடா என் ராசா."

செவலை கருவேல மரத்தைச் சுற்றி ஓட ஆரம்பித்தது. பின்னாலேயே வீரணனும் ஓடினான். நரை விழுந்தவன் நாயோடு ஓடிப் பிடித்து விளையாடுவதைக் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள் சிலம்பாயி.

பாளையத்து வேட்டை நாய்களைப் பழக்குகிறவள் அவள். வீரணனைவிட இளையவள். வில்லாளியாக இருந்த வீரணன், கண் மங்கிய பிறகு அவளிடம் வந்து இந்த வேலையைக் கற்றுக்கொண்டிருந்தான். செவலைதான் அவன் கையில் வளர்ந்த முதல் நாய்.

ஒருவழியாக வாத்தைப் பிடுங்கிப் பையில் போட்டு, நாய்க்குச் சங்கிலி மாட்டிவிட்டு, மூச்சு வாங்க வந்து நின்றான்.

"நாளைக்குக் காலையில வேட்டைத் தலைவர் பொம்மையா வாராரு தாயி. பறவையைக் கையில கொடுக்காத நாயைப் பன்றி வேட்டைக்கு ஓட்டிக்கிட்டுப் போயிருவாரு."

"ஆமா."

"பன்றிகிட்ட இது தாங்காது. கிழிச்சுப் போட்ரும். நான் விட மாட்டேன். இன்னைக்கே கொடுக்க வெச்சிருவேன்."

"ஓடிப் புடிச்சா? பொம்மையா உங்களத்தான் வேட்டைக்குக் கூட்டிட்டுப் போவாரு அண்ணே."

வீரணன் சிரிக்கவில்லை. "எல்லாம் சரியாத்தான் செய்யுது. அது தூக்கிட்டு வர்ற அழகைப் பார்த்தா நெஞ்சு நிறைஞ்சு போகுது. கடைசியில ஏன் தாயி நின்னுருது?"

சிலம்பாயி எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள்.

"எறிஞ்சு பழக்கறதுக்கு உருண்டை இல்ல. துணியில சுத்தி, மேல இறகு தெச்சு ஒண்ணு செஞ்சு கொண்டாங்க."

வீரணன் ஊசியும் நூலுமாகப் போய் உட்கார்ந்தான். கண்ணுக்கு அருகே வைத்து வைத்துத் தைத்தான். உச்சிப் பொழுதில் நாய்க் கொட்டகைக்குக் கொண்டு போனபோது அவள் நாய்த் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஈரக் கையால் வெடுக்கென்று பிடுங்கிக் கூடையில் போட்டாள்.

"இன்னொண்ணு."

இரண்டாவதை இன்னும் பார்த்துப் பார்த்துச் செய்தான். இறகெல்லாம் ஒரே பக்கமாகப் படிந்து, தொட்டால் உயிருள்ள பறவை போல இருந்தது. அதையும் பிடுங்கிக் கூடையில் போட்டாள்.

"இன்னொண்ணு."

மூன்றாவதை எடுத்துக்கொண்டு வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. வீரணன் வாசலைத் தாண்டவில்லை. உருண்டையை மார்போடு அணைத்துக்கொண்டு அங்கேயே நின்றான்.

சிலம்பாயி கையை நீட்டினாள். "கொடுங்க அண்ணே."

"மொதல்ல பாருங்க தாயி."

"கொடுத்தாத்தானே பாக்க முடியும்?"

அவள் ஓர் எட்டு முன்னால் வைத்தாள். வீரணனின் கால் தானாகப் பின்னால் போனது. குனிந்து தன் காலைப் பார்த்தான். அவள் நீட்டிய கையைப் பார்த்தான். பிறகு கண்மாய்க் கரைக்கு நடந்தான்.

அங்கே செவலையின் சங்கிலியைக் கழற்றிவிட்டு உருண்டையை எறிந்தான். செவலை கொண்டு வந்து, வழக்கமான தூரத்தில் நின்றது. வீரணன் கையை நீட்டவில்லை. முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தான். நேரம் போயிற்று. ஈர மூக்கு ஒன்று முழங்கையை உரசியது. மெல்லத் திரும்பி அதன் கழுத்தைத் தடவினான், காதைச் சொறிந்தான். "எவ்வளவு பெரிய பறவை, எங்க புடிச்ச?" என்று கேட்டான். வாங்கிவிடக் கை துடித்தது. துடிக்கட்டும் என்று விட்டான். இருட்டும் வரை எறிந்தான், உட்கார்ந்தான், தடவினான்.

காலையில் பொம்மையா வந்தார். அவர் ஆள் ஒரு வாத்தை அடித்தான். செவலை தண்ணீரில் பாய்ந்து அதைக் கவ்விக்கொண்டு வீரணனிடம் வந்தது. அவன் மண்டியிட்டு அதன் நெஞ்சைத் தடவினான்.

"வாங்கிப் பையில போடுய்யா. என்ன கொஞ்சல்?" என்றார் பொம்மையா.

"அது கொடுக்கட்டும் அய்யா."

"கொடுக்காட்டி?"

வீரணன் கையை நீட்டவில்லை. தொடைமேல் விரித்து வைத்திருந்தான். செவலை அவன் முகத்தைப் பார்த்தது. பிறகு குனிந்து, வாத்தை அந்தக் கையில் வைத்தது.

பொம்மையா இன்னும் இரண்டு முறை சோதித்துப் பார்த்தார். இரண்டு முறையும் செவலை கையில் கொடுத்தது. "சரி, இது இங்கயே கெடக்கட்டும்," என்று சொல்லிவிட்டுக் குதிரை ஏறினார்.

வீரணன் நாயோடு சிலம்பாயியிடம் வந்தான். கேட்கக் கூச்சமாக இருந்தது. இருந்தாலும் கேட்டான்.

"அந்த ரெண்டு உருண்டையையும் நீங்க பார்க்கவே இல்லையா தாயி?"

"மொதலாவதுல ஒரு இறகு தலைகீழா இருந்துச்சு. ரெண்டாவதுல எங்க முடிச்சுப் போட்டீங்கன்னே தெரியல. என் கையால அப்படி ஒண்ணு தெச்சதில்ல."

"அப்ப பார்த்திருக்கீங்க."

"பார்த்தேன். நெஞ்சு நிறைஞ்சு போச்சு. நீங்க அந்தப் பக்கம் போனப்புறம்."